நெடிலுக்கு ஒரு கோடு: ரோமன் எழுத்தில் திருநாமங்களைப் பிழையற எழுதும் முறை

சக்கரவர்த்தித் திருமகனின் திருநாமம் 'ராம' என்பது. அவனை விட்டு ஒருபொழுதும் பிரியாத பிராட்டியின் திருநாமங்களுள் ஒன்று 'ரமா' என்பது. தமிழில் எழுதினாலும், கிரந்தத்தில் எழுதினாலும், நாகர எழுத்தில் எழுதினாலும் இவ்விரண்டும் ஒருகாலும் மயங்குவதில்லை. ஆனால் ஆங்கிலம் எழுதப் பயன்படும் ரோமன் எழுத்தில் எழுதப் புகுந்தால், இரண்டும் நான்கே எழுத்தாகி ஒரே வடிவத்தில் நின்றுவிடுகின்றன. சேர்த்தித் திருநாளில் பெருமாளும் தாயாரும் ஓராசனத்தில் எழுந்தருளியிருக்கக் காண்பது அடியார்க்குப் பேரின்பம். எழுத்தில் இருவர் திருநாமமும் ஒன்றாய் மயங்குவதோ இன்பமன்று, பிழையே ஆகும். 'கிருஷ்ண' என்பது கண்ணனின் திருநாமம். இறுதி நீண்டு 'கிருஷ்ணா' என நின்றால் அது திரௌபதியின் பெயராகவும் ஓர் ஆற்றின் பெயராகவும் ஆகும். இம்மயக்கங்களைத் தீர்ப்பது, உயிரெழுத்தின் தலைமேல் இடப்படும் சிறியதொரு கிடைக்கோடு.

இக்கோடு முற்காலத்தில் அறிஞர் சிலரது ஆய்வுக்கு மட்டும் உரியதாயிருந்தது. இன்று நிலைமை வேறு. கடல் கடந்து வாழும் குடும்பங்களில் தமிழ் பேசத் தெரிந்தும் தமிழ் எழுத்தைப் படிக்கத் தெரியாத பிள்ளைகள் பலர் வளர்ந்து வருகின்றனர். அவர்கள் திருப்பாவையையும் ஸ்தோத்திரங்களையும் ரோமன் எழுத்தில் அச்சிட்ட ஏடுகளிலிருந்தும் கைப்பேசித் திரையிலிருந்தும் சேவிக்கின்றனர். ஏட்டில் உள்ளதே அவர்கள் நாவில் ஏறும். ஏட்டில் நெடில் காட்டப்படாவிட்டால், அவர்கள் நாவில் குறிலும் நெடிலும் இடம் மாறும். ஆதலின் அவ்வேடுகளை ஆயத்தம் செய்வோர், கணினியின் விசைப்பலகையில் இக்கோட்டினை இடும் முறையைக் கற்றல் இன்றியமையாதது.

மாத்திரையும் பொருளும்

உயிரெழுத்தின் நீட்டத்தை அளந்து கூறுவதில் பாரத நாட்டு இலக்கண நூலார் உலகிற்கே முன்னோடிகள் எனலாம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு மாத்திரை என்று தொல்காப்பியம் வகுத்தது. கண் இமைக்கும் பொழுதையும் கை நொடிக்கும் பொழுதையும் மாத்திரைக்கு அளவாகக் காட்டிற்று. வடமொழியில் பாணினி முனிவர் உகரத்தின் மூவகை நீட்டத்தை அளவுகோலாகக் கொண்டு ஹ்ரஸ்வம், தீர்க்கம், ப்லுதம் என மூன்று வகுத்தார். விடியலில் சேவல் கூவுங்கால் இம்மூன்று நீட்டமும் அடுத்தடுத்து ஒலிப்பதைச் சான்றாகக் காட்டுவது மரபு.

மாத்திரை மாறினால் மாறுவது ஓசை மட்டுமன்று. பொருளும் மாறும், யாப்பும் மாறும். 'மால்' என்றால் திருமால். 'மல்' என்றால் மற்போர். 'கோல்' என்றால் ஆநிரை மேய்ப்பவன் கையில் ஏந்துவது. 'கொல்' என்றால் உயிர் போக்குக என்னும் ஏவல். 'ராம' என்பதில் நெடில் தனித்து ஓர் அசையும் குறில் தனித்து ஓர் அசையுமாக நேர்நேர் ஆகின்றது. 'ரமா' என்பதிலோ குறிலும் நெடிலும் இணைந்து ஒரே நிரையசையாகி விடுகின்றது. வடமொழிச் சுலோகத்திலும் லகு, குரு என்னும் பாகுபாடு இந்த நீட்டத்தையே பெரிதும் சார்ந்தது. நீட்டம் பிழைத்தால் தாளம் பிழைக்கும். தாளம் பிழைத்தால் கோஷ்டியில் ஒருவர் குரல் மற்றவர் குரலோடு சேராது.

துவஷ்டா என்பவன் இந்திரனை அழிக்கும் மகனை வேண்டி வேள்வி செய்தபோது, 'இந்திரசத்ரு' என்னும் சொல்லில் ஸ்வரம் பிழைத்ததனால் இந்திரனே அம்மகனை அழிப்பவன் ஆனான் என்னும் வரலாற்றை வேதம் ஓதுவார் யாவரும் அறிவர். அங்குப் பிழைத்தது மாத்திரையன்று, ஸ்வரமே. ஆயினும் எழுத்தளவில் ஒன்றாய் இருக்கும் சொல் ஒலியளவில் மாறினால் பயன் எவ்வளவு மாறும் என்பதற்கு அஃது என்றும் நிலைத்த எடுத்துக்காட்டு.

ரோமானியர் கண்ட வழி

ரோமன் எழுத்தில் நெடிலுக்குத் தனி எழுத்து இல்லாமை இன்று நேர்ந்த குறையன்று. அவ்வெழுத்தைத் தம் இலத்தீன் மொழிக்கென ஆண்ட ரோமானியரே அதனால் இடர்ப்பட்டனர். இலத்தீன் மொழியிலும் தமிழைப்போலக் குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்துவன. தமிழெழுத்தில் எழுதிக் காட்டினால் இஃது எளிதில் விளங்கும். 'மலுஸ்' என்றால் தீயவன்; 'மாலுஸ்' என்றால் ஆப்பிள் மரம். 'ஒஸ்' என்றால் எலும்பு. 'ஓஸ்' என்றால் வாய். 'லிபெர்' என்றால் நூல். 'லீபெர்' என்றால் அடிமையல்லாதவன். 'வெனித்' என்றால் வருகிறான். 'வேனித்' என்றால் வந்தான். இவ்விணைகள் யாவும் ரோமன் எழுத்தில் ஒரே வடிவின.

ஆகவே ரோமானியர் கல்வெட்டுகளில் நெட்டுயிரின் மேல் ஒரு சிறு சாய்கோடு இடும் வழக்கத்தை மேற்கொண்டனர். இகரத்தின் நெடிலைக் காட்ட அவ்வெழுத்தையே உயரமாக வெட்டுவதும் உண்டு. கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த குவின்டிலியன் என்னும் நாவன்மை ஆசிரியர் இதுபற்றி ஒரு கருத்து உரைத்தார். எல்லா நெடிலுக்கும் குறியிடுவது வீண். பொருள் மயங்கும் இடத்தில் மட்டும் இட்டால் போதும் என்பதே அது. அவர் காட்டிய எடுத்துக்காட்டுகளுள் மேற்கூறிய 'மலுஸ்' என்பதும் ஒன்று.

இக்கருத்து ஆராயத்தக்கது. தாய்மொழியாக இலத்தீன் பேசியவனுக்குச் சொல் முன்பே தெரியும். மயங்கும் இடத்தில் ஒரு குறி போதும். அம்மொழியைப் பின்னாளில் நூலின் வாயிலாகக் கற்பவனுக்கோ எச்சொல்லும் முன்பே தெரியாது. அவனுக்கு ஒவ்வொரு நெடிலும் காட்டப்படவேண்டும். அதனாலேயே இக்காலத்து இலத்தீன் பாடநூல்கள் பலவும் நெட்டுயிர் தோறும் கிடைக்கோடு இட்டு அச்சிடப்படுகின்றன. 'நீண்டது' எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லால் அக்கோடு 'மேக்ரான்' எனப்படுகின்றது. அயல்நாட்டில் பிறந்து திருநாமங்களை ஏட்டின் வழியே கற்கும் பிள்ளையின் நிலையும் இலத்தீன் மாணவனின் நிலையை ஒத்ததே. அப்பிள்ளைக்குக் குவின்டிலியன் கூறிய சிக்கனம் பயன்படாது.

கோடு நிலைபெற்ற வரலாறு

ஆங்கிலேயர் இந்நாட்டுப் பெயர்களை முதலில் காதில் விழுந்தபடியே எழுதினர். திருவல்லிக்கேணி 'டிரிப்ளிகேன்' ஆயிற்று. காஞ்சிபுரம் 'கான்ஜீவரம்' ஆயிற்று. பகவத்கீதையை 1785-ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளியிட்ட சார்லஸ் வில்கின்ஸ், 'கீதா' என்பதன் ஈகாரத்தை ஆங்கில வழக்கப்படி எகர எழுத்தை இரட்டித்து எழுதினார். அது பொருந்தும். ஆனால் 'கிருஷ்ண' என்பதன் முதலுயிர் குறுகியதாயிருந்தும் அங்கும் அதே இரட்டையெழுத்தை ஆண்டார். ஒரே நூலின் தலைப்பில் ஒரே வடிவம் ஓரிடத்தில் நெடிலையும் மற்றோரிடத்தில் குறிலையும் குறித்தது. இரட்டித்து எழுதுவதன் குறைபாடு இதனால் நன்கு புலனாகும்.

கல்கத்தாவில் 1784-இல் ஆசியக் கழகத்தை நிறுவிய சர் வில்லியம் ஜோன்ஸ் இக்குறையை உணர்ந்து, கழகத்தின் ஆய்விதழ் முதன்முதல் 1788-இல் வெளிவந்தபோது, கீழைநாட்டுச் சொற்களை ரோமன் எழுத்தில் எழுதும் முறைபற்றி ஒரு கட்டுரை வரைந்தார். அவர் நெடிலுக்குச் சாய்கோட்டினை ஆண்டார். பின்னர் அறிஞர்தோறும் ஒரு முறை எனப் பெருகியபோது, 1894-இல் ஜெனீவா நகரில் கூடிய கீழைநாட்டியல் அறிஞர் மாநாடு வடமொழிக்கு ஒரு பொதுமுறையை வகுத்தது. நெட்டுயிரின் மேல் கிடைக்கோடு என்பது அதனால் உறுதிபெற்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியும் ஆ, ஈ, ஊ, ஏ, ஓ என்னும் தமிழ் நெடில் ஐந்தையும் கோடிட்டே காட்டிற்று. இந்திய எழுத்துகள் யாவற்றிற்கும் பொதுவான உலகத் தரமுறை 2001-இல் வெளியிடப்பட்டது.

உபயவேதாந்த ஏட்டிற்குரிய தனித்தேவை

இங்கு வைணவ ஏடுகளுக்கே உரிய ஒரு சிக்கலைக் கருத வேண்டும். வடமொழியில் ஏகாரமும் ஓகாரமும் என்றும் நெடிலே. அவற்றிற்குக் குறில் இல்லை. ஆகவே ஜெனீவா முறையில் அவற்றின்மேல் கோடு இடுவதில்லை. தமிழிலோ எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தனித்தனி. ஆகவே தமிழ்ப் பேரகராதி முறையில் கோடிட்டால் நெடில், கோடில்லையேல் குறில்.

இரு முறையும் தத்தம் இடத்தில் குற்றமற்றவை. ஆனால் இரண்டையும் ஒரே பக்கத்தில் கலந்தால் என்னாகும்? வடமொழி முறையில் பழகியவன் கோடில்லாத எழுத்தைக் கண்டு 'திருவாய்மொழி' என்பதைத் 'திருவாய்மோழி' என்று படிப்பான். தமிழ் முறையில் பழகியவன் 'கேசவ' என்னும் திருநாமத்தைக் 'கெசவ' என்று படிப்பான். ஒருபுறம் ஸ்தோத்திரமும் மறுபுறம் பாசுரமும் அச்சிடும் உபயவேதாந்த ஏட்டில் இம்மயக்கம் தவிர்க்க முடியாதது. அதற்குத் தீர்வு, 2001-ஆம் ஆண்டுத் தரமுறை காட்டும் வழியே ஆகும்: எம்மொழிச் சொல்லாயினும் ஏகார ஓகாரங்களுக்கும் கோடிடுதல். ஏடு முழுவதற்கும் இந்த ஒரே விதி இருப்பின் படிப்பவர்க்கு ஐயமே எழாது.

எகர ஒகரச் சிக்கல் தமிழெழுத்தும் ஒரு காலத்தில் பட்டதே. குறிலான எகர ஒகரங்கள் புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்தது. ஆனால் ஓலையில் எழுத்தாணியால் எழுதியோர் புள்ளியைப் பெரும்பாலும் இடாது விட்டனர். பின்னர், நெடிலுக்குச் சுழியிட்டு வேறுபடுத்தும் இன்றைய வடிவத்தைத் தந்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர் (1680-1747) என்பது மரபு. அவர் தமிழிலக்கணத்தை இலத்தீன் மொழியில் எழுதியவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. புள்ளியின்றியும் ஓலைக்காலத்தில் பிழை மிகாததற்குக் காரணம் யாதெனில், அன்று பாசுரம் ஆசிரியர் வாய்மொழியாகச் சந்தை முறையில் சொல்லிவைக்கப்பட்டது. ஓலை நினைவுக்குத் துணை, குரலே முதல். ஆசிரியர் அருகில் இல்லாத இடத்தில் ஏடே ஆசிரியராக வேண்டியிருப்பதனால், ஏட்டிற்குக் குறியும் முழுமையாக வேண்டப்படுகின்றது.

கணினி கண்ட தொடக்க இடர்

தட்டச்சுப்பொறிக் காலத்தில் எழுத்தை அடித்தபின் பேனாவால் கோடிடுவது வழக்கம். கணினி வந்தபோது அவ்வசதியும் போயிற்று. 1963-இல் அமெரிக்காவில் வெளியான எழுத்துக்குறித் தரமுறையில் இடங்கள் 128 மட்டுமே. ஆங்கில எழுத்து, எண், நிறுத்தக்குறி ஆகியவற்றோடு அவை முடிந்தன. கோடிட்ட உயிருக்கு இடமில்லை. ஆகவே நெடிலைப் பெரிய எழுத்தால் காட்டும் முறையொன்று அறிஞரிடையே வழங்கலாயிற்று. ஹார்வர்டு-கியோட்டோ முறை எனப்படும் அதில், 'ராம' என்பதில் இரண்டாம் எழுத்தும் 'ரமா' என்பதில் நான்காம் எழுத்தும் பெரிதாக நிற்கும். கணினிக்கு அது போதுமானது. ஆனால் சொல்லின் நடுவே பெரிய எழுத்து வருவது அச்சிட்ட ஏட்டில் கண்ணுக்கு உறுத்தலாகும்.

வேறு சிலர் தனி எழுத்துருக்களைச் செய்து, பயன்படாத குறிகளின் இடத்தில் கோடிட்ட உயிர்களை வைத்தனர். அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அதே ஏட்டைத் திறந்தால் திருநாமங்களின் இடத்தில் பொருளற்ற குறிகள் தோன்றின. 1991-இல் வெளிவந்த ஒருங்குறி இவ்விடரைப் போக்கிற்று. உலக எழுத்து ஒவ்வொன்றிற்கும் தனி எண் தருவது அதன் கொள்கை. தமிழுக்கு இடம் தந்தாற்போலவே கோடிட்ட ரோமன் உயிர்களுக்கும் அது தனித்தனி எண் தந்தது. லாட்வியா நாட்டு மொழி முதலியவற்றில் அவை அன்றாட எழுத்துகளாக வழங்குகின்றன.

விசைப்பலகையில் கோடிடும் முறைகள்

ஆங்கிலத்தில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ எனப் பெயர் பெற்ற ரோமன் உயிர்கள், வடமொழி தமிழ்ச் சொற்களை எழுதுங்கால் முறையே அ, எ, இ, ஒ, உ என்னும் ஒலிகளுக்கு உரியன. மயக்கம் நீங்க, அவை இங்கு அகர எழுத்து, எகர எழுத்து, இகர எழுத்து, ஒகர எழுத்து, உகர எழுத்து என்றே குறிக்கப்படுகின்றன.

1. விண்டோஸ் கணினி: இதற்கு எளிய வழியைத் தந்தவர்கள் நியூசிலாந்தின் தொல்குடியினரான மாவோரி மக்கள். அவர்கள் மொழியும் ரோமன் எழுத்தில் எழுதப்படுவது; அதிலும் நெடிலுக்குக் கோடு உண்டு. 'மதுஆ' என்பதுபோல் ஒலிக்கும் அவர்களது சொல் தந்தையைக் குறிக்கும். அதன் முதல் உயிரின்மேல் கோடிட்டு நீட்டினால் அது பெற்றோர் எனப் பன்மையாகும். 1987-இல் அம்மொழி அந்நாட்டின் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக ஏற்கப்பட்டது. அம்மொழிக்கென அமைந்த விசைப்பலகை விண்டோஸிலேயே உள்ளது. அமைப்புகள் பகுதியில் நேரமும் மொழியும் என்னும் பிரிவில் புகுந்து, மொழி சேர்க்கும் இடத்தில் மாவோரி மொழியைச் சேர்க்க வேண்டும். பின்னர் விண்டோஸ் விசையை அழுத்தியவாறே இடைவெளி விசையை அழுத்தினால் விசைப்பலகை மாறும். எண் 1-க்கு இடப்புறம், எஸ்கேப் விசைக்குக் கீழுள்ள விசையை ஒருமுறை அழுத்தி விட்டுவிட வேண்டும். திரையில் ஒன்றும் தோன்றாது. அடுத்து உயிரெழுத்தை அழுத்தினால் அது கோட்டுடன் தோன்றும். பெரிய எழுத்து வேண்டின், உயிரை அழுத்தும்போது ஷிப்ட் விசையையும் சேர்க்க வேண்டும். மற்ற எழுத்துகள் ஆங்கில விசைப்பலகையில் உள்ளபடியே இருப்பதனால் புதிதாகக் கற்கவேண்டியது அந்த ஒரு விசை மட்டுமே.

2. மேக் கணினி: விசைப்பலகை அமைப்பில் உள்ளீட்டு மூலங்கள் என்னும் இடத்தில் 'ஏபிசி எக்ஸ்டெண்டட்' என்னும் விசைப்பலகையைச் சேர்க்க வேண்டும். ஆப்ஷன் விசையுடன் அகர எழுத்தை அழுத்தி விட்டு, பின் வேண்டிய உயிரை அழுத்தினால் கோடு அதன்மேல் அமரும்.

3. லினக்ஸ் கணினி: கம்போஸ் எனப்படும் சேர்ப்பு விசையை அமைத்துக்கொண்டு, அதனை அழுத்தி, அடிக்கோட்டுக் குறியை அழுத்தி, பின் உயிரை அழுத்த வேண்டும்.

4. மைக்ரோசாப்ட் வேர்டு: விசைப்பலகையை மாற்ற விரும்பாதவர் ஒருங்குறி எண்ணை அடித்து, ஆல்ட் விசையுடன் எக்ஸ் விசையை அழுத்தினால் எண் எழுத்தாக மாறும். அகர எழுத்தின் நெடிலுக்கு 0101; எகர எழுத்தின் நெடிலுக்கு 0113; இகர எழுத்தின் நெடிலுக்கு 012 என்னும் இலக்கங்களோடு 'பி' என்னும் ரோமன் எழுத்து; ஒகர எழுத்தின் நெடிலுக்கு 014 என்பதோடு 'டி'; உகர எழுத்தின் நெடிலுக்கு 016 என்பதோடு 'பி'. ஒவ்வொன்றின் பெரிய எழுத்துக்கும் உரியது அதற்கு முந்தைய எண்ணே ஆகும்; அகரத்திற்கு 0100 என்பதுபோல. எண்ணுக்கு முன்னே ஏ முதல் எஃப் வரையுள்ள ரோமன் எழுத்து ஒட்டிநின்றால் கணினி அதையும் எண்ணின் பகுதியாகக் கொள்ளும். ஆதலின் கோடிட்ட உயிரை முதலில் தனியே ஆக்கிக்கொண்டு பின் மற்ற எழுத்துகளைச் சேர்த்தல் நலம்.

5. கைப்பேசி: ஆங்கில விசைப்பலகையில் உயிரெழுத்தின்மேல் விரலைச் சற்றே நிறுத்தினால் அதன் பல வடிவங்கள் வரிசையாகத் தோன்றும். அவற்றுள் கிடைக்கோடு உள்ளதன்மீது விரலை நகர்த்தி எடுத்தால் போதும்.

மெய்யெழுத்துகளுக்குக் கீழே இடும் புள்ளி முதலிய குறிகள் வேறொரு பாடமாகும். ஆயினும் அவையும் வேண்டப்படுவன என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு: ஆண்டாளின் திருநாமமான 'கோதை' என்பதும், 'கொடை' என்பதும், 'கோடை' என்பதும் குறியின்றி ஆங்கில வழக்கில் எழுதினால் ஒரே வடிவாகிவிடக்கூடும். கொடையைப் பிரிப்பது கோட்டின் இன்மை. கோடையைக் கோதையினின்று பிரிப்பது மெய்யின் கீழுள்ள புள்ளி.

விழிப்பாக இருக்கவேண்டியவை

முதலாவது, முழுமை. ஓர் ஏட்டில் கோடிடத் தொடங்கினால் எல்லா நெடிலுக்கும் இடவேண்டும். கோடு உள்ள இடத்தில் மட்டுமன்று, கோடு இல்லாத இடத்திலும் பொருள் உண்டு. 'இங்கே குறில்' என்பதே அப்பொருள். பாதி இட்டுப் பாதி விட்டால், விட்ட இடத்தையெல்லாம் படிப்பவர் குறில் என்றே கொள்வர். கோடே இல்லாத ஏட்டில் படிப்பவர் ஐயுற்றுப் பெரியோரைக் கேட்பார். பாதி கோடிட்ட ஏட்டிலோ ஐயமின்றிப் பிழையாகப் படிப்பார். ஆகவே அரைகுறை ஏடு குறியற்ற ஏட்டினும் தீங்குடையது.

இரண்டாவது, கோட்டின் வடிவம். கிண்ணம்போல் வளைந்த குறி குறிலைக் காட்டுவது. கூரைபோன்ற குறி பழைய நூல்கள் சிலவற்றில் நெடிலுக்கு ஆளப்பட்டது. அலைபோன்ற குறி வேறு பயன் உடையது. கைப்பேசியின் சிறு திரையில் இவை ஒன்றுபோல் தோன்றும். நேரான கிடைக்கோட்டையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

மூன்றாவது, இருவகைப் பதிவு. கோடிட்ட உயிரைக் கணினியில் ஒரே எழுத்தாகவும் பதியலாம். வெற்றுயிரையும் தனிக்கோட்டையும் அடுத்தடுத்து வைத்தும் பதியலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் ஒன்றாகப் பதிந்ததைச் சில மென்பொருள்கள் இரண்டாகப் பதிந்ததோடு ஒப்பிட்டுக் காணமாட்டா. அதனால் ஏட்டில் உள்ள திருநாமமே தேடுங்கால் 'இல்லை' என்று விடை வரும். மேற்கூறிய முறைகள் பெரும்பாலும் ஒரே எழுத்தாகவே பதிவன. பலர் கூடி ஓர் ஏட்டை ஆக்குங்கால் அனைவரும் ஒரே முறையைப் பின்பற்றுதல் நன்று.

நான்காவது, எழுத்துரு. கோடிட்ட உயிர் இல்லாத எழுத்துருவைத் தேர்ந்தால் அவ்விடத்தில் வெறுங்கட்டமோ, வேறு எழுத்துருவின் எழுத்தோ நிற்கும். ஏடு அச்சுக்குச் செல்லுமுன் ஐந்து நெடிலையும், சிறிய எழுத்திலும் பெரிய எழுத்திலும், அச்சிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். தலைப்புகளைப் பெரிய எழுத்தால் அமைக்கும்போது கோட்டினை விட்டுவிடுவது பலரும் செய்யும் பிழை.

ஐந்தாவது, இடமறிதல். கோடு ஓதுவதற்குரியது. ஒருவர் தம் பெயரைக் கடவுச்சீட்டில் எவ்வாறு எழுதியுள்ளாரோ அவ்வாறே நன்கொடையாளர் பட்டியலில் எழுதுதல் முறை. அஞ்சல் முகவரியிலும் மின்னஞ்சல் முகவரியிலும் கோடிடல் ஆகாது.

பன்னிரு திருநாமப் பயிற்சி

இப்பாடத்தைக் கைவரச் செய்வதற்குத் துவாதச நாமங்களினும் சிறந்த பயிற்சி இல்லை. கேசவ, நாராயண, மாதவ, கோவிந்த, விஷ்ணு, மதுசூதன, த்ரிவிக்ரம, வாமன, ஸ்ரீதர, ஹ்ருஷீகேச, பத்மநாப, தாமோதர என்னும் பன்னிரண்டையும் ரோமன் எழுத்தில் வரிசையாக எழுதிக் கோடிட வேண்டும். இவற்றுள் நெடில் ஐந்தும் வந்துவிடுகின்றன. ஆகாரம் ஆறு, ஈகாரம் இரண்டு, ஊகாரம் ஒன்று, ஏகாரம் இரண்டு, ஓகாரம் இரண்டு. ஆகக் கோடுகள் 13. நாராயண, ஹ்ருஷீகேச, தாமோதர ஆகிய மூன்றிலும் இரண்டிரண்டு கோடுகள். விஷ்ணு, த்ரிவிக்ரம ஆகிய இரண்டிலும் கோடே இல்லை. எஞ்சிய ஏழிலும் ஒவ்வொன்று. எழுதி முடித்தபின் எண்ணிப் பார்க்கையில் 13 வரின் பாடம் கைவந்தது என்க. 9 மட்டும் வரின், ஏகார ஓகாரங்களுக்குக் கோடிடாத ஜெனீவா முறையில் எழுதப்பட்டது என்று அறியலாம். இரண்டுக்கும் இடைப்பட்ட எண் வரின், இரு முறையும் கலந்துவிட்டன. அவ்வேட்டைத் திருத்தாமல் பிள்ளைகள் கையில் தரலாகாது.

நிறைவுரை

கோடு ஓர் அடையாளமே, ஓசை ஆகாது. எத்துணைக் கோடிட்டாலும் ஏடு ஒலியெழுப்பாது. திருநாமத்தின் இனிமையும் பாசுரத்தின் தாளமும் பெரியோர் திருவாயினின்றும் பிள்ளைகள் செவிக்குப் பாயவேண்டியவை. ஆயினும் பாட்டனார் ஒரு நாட்டிலும் பேரன் மற்றொரு நாட்டிலும் வாழும் இக்காலத்தில், பாட்டனார் எவ்வாறு சேவித்தாரோ அவ்வாறே பேரனும் சேவிப்பதற்கு அக்கோடு துணையாகின்றது. திருவிழாவைச் சேவித்துத் திரும்பும் அன்பர்கள், தொலைவில் உள்ள தம் மக்களுக்குத் திருநாமங்களை எழுதி அனுப்பும்போது ஒவ்வொரு நெடிலின் தலைமேலும் ஒரு கோடு இடுவார்களாக. ஒரு விசையை அழுத்தும் அச்சிறு முயற்சியால், பெருமாள் திருநாமம் பெருமாளுக்கும் தாயார் திருநாமம் தாயாருக்கும் உரியதாய் அப்பிள்ளைகள் நாவில் நிலைபெறும்.